மதகை அடைத்த துணி

சுவர் இடிந்த சத்தத்தை இராயப்பன் முதலில் இடி என்றுதான் நினைத்தான். அடுத்த நொடியே மனைவி மார்கிரட் போட்ட அலறல் அந்த நினைப்பைக் கலைத்தது. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் அதை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக் குசினிப் பக்கம் ஓடினான். குசினிச் சுவர் நின்ற இடத்தில் கல்லும் சேறும் குவிந்து கிடந்தன. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகிற கான் கரையை உடைத்துக்கொண்டு, அந்தக் குவியலின் மேல் செந்தண்ணீராகக் கொட்டியது. மார்கிரட்டின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் வெளியில் தெரியவில்லை.

அவனும் பக்கத்து வீட்டுக் காம்பரா ஜெரோமியும் வெறுங்கையால் கல்லைப் பெயர்த்தார்கள். விரல் நகம் இரண்டு பிய்ந்து போனது கூட இராயப்பனுக்குத் தெரியவில்லை. இழுத்து வெளியே போட்டபோது, அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே நின்றது. ஜெரோமி தன் சாரத்தின் ஓரத்தைக் கிழித்து அவள் தொடையில் இறுக்கிக் கட்டினான். கட்டினபிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது.

"மாதாவே, ஆட்டோவுக்குச் சொல்லுடா!"

"போன்ல சொல்லிட்டேன் அண்ணே, வர முடியாதாம். கான் தண்ணி போற ரோட்டு மதகு அடைச்சிருச்சு. ரோட்டு மேல இடுப்பளவு தண்ணி போவுது. மதகத் தொறந்தாத்தான் அக்காவ அந்தப் பக்கம் கொண்டுபோக ஏலும்."

"என்னாத்தடா அடைச்சிருக்கு?"

ஜெரோமி சொல்லத் தயங்கினான். "நான் வரயில பாத்தேன், மதகு வாயில ஒரு சேல ஆடிக்கிட்டு நிக்குது. செல்லசாமி அண்ணன் சம்சாரத்து சேல மாதிரி இருக்கு. முந்தாநேத்து கருமாதி முடிச்சு, அவங்க துணிமணியெல்லாம் கான்லதானே விட்டாங்க."

அவ்வளவுதான், இராயப்பனுக்குக் கண்மண் தெரியவில்லை. புத்தியுள்ளவனாக இருந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதகுக்கு ஓடியிருப்பான். இவன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு செல்லசாமி இருக்கிற மேல் லயத்துக்கு ஏறினான். எட்டுப் பத்து ஆட்கள் கையில் கிடைத்த கட்டையோடு அவன் பின்னால் ஏறினார்கள்.

செத்தவர்களின் துணி வீட்டில் தங்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது மேல் லயத்தில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். ஆறு அங்கிருந்து இரண்டு மைல் கீழே. கிழவன் கிழவி நடந்து போகிற தூரமா அது? அதனால் கான்தான் அவர்களுக்கு ஆறு. போன வருஷம் புயலடித்து மலை சரிந்த பிறகு தோட்டத்தில் கூட்டம் போட்டு, "இனிமே எவனாவது கான்ல துணி போட்டா கைய ஒடப்பேன்" என்று தொண்டை கிழியக் கத்தியவன் இதே இராயப்பன்தான்.

கத்துவதற்கு அவனுக்கு என்ன யோக்கியதை இருந்தது? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புயலுக்குப் பிறகு கொழும்புப் பக்கமிருந்து லொறி லொறியாக நிவாரணத் துணி வந்து இறங்கியது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனாலும் கொழுந்து எடுக்கிறவளுக்குக் குதியுயர்ந்த செருப்பில் ஒற்றைக்கால் மட்டும் எதற்கு? ஜிப் பல்லிளித்த குளிர்கோட்டு, தேத்தண்ணீர்க் கறை பிடித்த கல்யாணக் கவுன், முட்டி கிழிந்த கால்சட்டை என்று ஒரு மலையே குவிந்தது. பங்குச் சாமியார் இராயப்பனைக் கூப்பிட்டுப் பொறுப்பு கொடுத்தார். உடுத்தக்கூடியதை ஆட்களுக்குக் கொடு, பருத்தித் துணியை வெட்டி ஃபேக்டரியில் மெஷின் துடைக்கக் கொடு, மிச்சத்தை ஹட்டன் டவுனில் பழந்துணி எடுக்கிறவரிடம் சேர்த்துவிடு என்றார். பிரிக்கிற வேலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தவள் மார்கிரட். மிஞ்சியதை ஐந்து சாக்கில் திணித்து, ஒவ்வொரு சாக்கின் வாயையும் நீலக் கம்பளி நூலால் பின்னல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

ஹட்டனுக்குக் கொண்டுபோக வேண்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. வருகிறேன் என்ற லொறியும் வரவில்லை. நனைந்த சாக்கு ஒவ்வொன்றும் பிணம் மாதிரி கனத்தது. இராயப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஐந்தையும் கானில் உருட்டிவிட்டான். "சேத்துட்டேன்" என்று வீட்டில் வந்து சொன்னான். அன்றைக்கு ஓடிய வெள்ளத்தில் அவை கடலுக்கே போயிருக்கும் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அந்த நினைப்பையே விட்டுவிட்டான்.

மேல் லயத்தில் செல்லசாமி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பெண்சாதி சண்முகவடிவு போய்ப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"வா தம்பி, என்னா இப்புடி நனைஞ்சுகிட்டு…"

"தம்பியாடா? ஒம் பொண்டாட்டி செத்தும் எம் பொண்டாட்டிய சாகடிக்கப் பாக்குறாடா!"

கத்தியின் பிடியால் முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பல் இரத்தத்தோடு சாம்பலில் விழுந்தன. இரண்டாவது தடவை கத்தியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினான். கிழவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே அலகு எலும்பு வரைக்கும் இறங்கியது. உள்ளேயிருந்து ஓடிவந்த மகள் லோஜினி, எரிகிற கொள்ளியை உருவி இராயப்பனின் கழுத்தில் போட்டாள். தோல் கருகிய நாற்றம் அவன் மூக்கிலேயே ஏறியது. அவன் அவள் வயிற்றில் உதைத்தான். அவள் சுவரில் மோதிச் சுருண்டு விழுந்தாள். வந்தவர்களில் ஒருவன் தண்ணீர்க் குடத்தை உடைத்தான், இன்னொருவன் சண்முகவடிவு படத்தின் மேல் கட்டையை வீசினான். இதெல்லாம் அவர்களுக்கு என்ன கேடு செய்தது என்று ஒருவனுக்கும் தெரியாது.

செல்லசாமி திருப்பி அடிக்கவில்லை. வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மார்கிரட் புள்ளைக்கு என்னா ஆச்சு?"

"காலு போச்சு! மதகுல ஒம் பொண்டாட்டி சேல அடைச்சு, சொவரு விழுந்து காலு போச்சு! வந்து நீயே எடுடா!"

கிழவர் எழுந்தார். லோஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து, தன் சால்வையால் அவர் கையைச் சுற்றிக் கட்டினாள். அவர் முன்னால் இறங்க, இராயப்பன் கத்தியோடு பின்னால் இறங்கினான்.

பெண்கள் மார்கிரட்டை அதற்குள் மதகடிக்குத் தூக்கி வந்து, தேயிலை ஓரத்தில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்துக் கிடத்தியிருந்தார்கள். அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது. செல்லசாமி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கானுக்குள் இறங்கினார். தண்ணீர் நெஞ்சளவு. மேலேயிருந்து எவனோ எறிந்த கல் அவர் முதுகில் பட்டுத் தெறித்தது.

"யாருடா எறிஞ்சது? கை வெளங்காமப் போக!" என்று லோஜினி கத்தினாள்.

அவர் முங்கி எழுந்தார். கையில் மஞ்சள் பூப்போட்ட சேலை வந்தது. ஒரே இழுவையில் முழுதாக வந்துவிட்டது. கூடவே ஒரு ஸ்வெட்டரும் பாவாடையும் மிதந்து வந்தன. தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"இன்னும் இருக்குடா, இழு!"

"அவகிட்ட இருந்தது இம்புட்டுத்தான் தம்பி. வேற ஏதோ உள்ள இறுகிக் கெடக்கு. ஒத்தக் கையால முடியல."

ஜெரோமி கானுக்குள் குதித்தான். இருவரும் முங்கினார்கள். கிழவரின் கட்டு அவிழ்ந்து செந்தண்ணீர் இன்னும் சிவந்தது. மூன்றாவது முங்கலில் பெரிதாக ஒன்று அசைந்து வெளியே வந்தது, மண்ணேறி ஊதிப்போன ஒரு சாக்கு. அதற்குப் பின்னால் இன்னொன்று. மூன்றாவது சாக்கு வயிறு கிழிந்து, குளிர்கோட்டின் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. மதகு ஒரு தடவை குமட்டியது, அப்புறம் உறுமிக்கொண்டு விழுங்கத் தொடங்கியது. ரோட்டில் நின்ற தண்ணீர் கண்ணெதிரே வடிந்தது.

இராயப்பன் கரையோரம் வந்து குனிந்து பார்த்தான். சாக்கின் வாயில் நீலக் கம்பளி நூல், ஒரு வருஷம் சேற்றில் கிடந்தும் பின்னல் அவிழாமல் இருந்தது.

"அத இங்க உருட்டு ஜெரோமி," என்றாள் மார்கிரட்.

ஜெரோமி உருட்டினான். படுத்த படியே அவள் அந்தப் பின்னலை விரலால் தடவிப் பார்த்தாள். கட்டையோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டையைக் கீழே போட்டார்கள்.

"ஹட்டன்ல சேத்துட்டேன்னு சொன்னீங்க."

இராயப்பன் கிழவரின் கையைப் பார்த்தான், லோஜினியைப் பார்த்தான், கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். கத்தி தானாக நழுவிக் கானுக்குள் விழுந்தது. வெட்கத்தில் அந்தத் தண்ணீரோடு தானும் மதகுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

ஆட்டோ சந்தியில்தான் நின்றது. அதுவரைக்கும் ரோடெல்லாம் கல். தூளி கட்டித்தான் தூக்க வேண்டும். கம்பு கிடைத்தது. கட்டத் துணிதான் இல்லை, நனைந்த மஞ்சள் சேலையைத் தவிர.

"செத்தவ சேல ஆயி," என்று செல்லசாமி குழறினார். "ஆகாது."

மார்கிரட் விடவில்லை. "வடிவு அக்கா சேலதானே அண்ணே? ஒரே தேயில நெரையில இருவது வருசம் கொழுந்து எடுத்தோம். கட்டுங்க."

கட்டினார்கள். ஜெரோமி முன்கம்பைப் பிடித்தான். பின்கம்பைப் பிடிக்க இராயப்பன் ஓடிவந்தான்.

"நீங்க தொட வேணாங்க," என்றாள் மார்கிரட். வலியில் அவள் பல் கிட்டித்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "லோஜினி புடிக்கட்டும். நீங்க அந்தச் சாக்கத் தூக்குங்க. இன்னைக்காவது ஹட்டன்ல கொண்டுபோய்ச் சேருங்க."

உதை வாங்கிய வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு லோஜினி கம்பைத் தோளில் ஏற்றினாள். கையைத் தூக்கிப் பிடித்தபடி செல்லசாமி பக்கத்தில் நடந்தார். இராயப்பன் குனிந்து சாக்கை முதுகில் ஏற்றினான். அழுகிய துணித் தண்ணீர் அவன் கழுத்துக் காயத்தில் வடிந்து எரிந்தது. இரண்டு லயத்துச் சனமும் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தலையைத் தூக்காமல் நடந்தான். தூளிக்குள்ளிருந்து மார்கிரட் அடிக்கடி தலையைத் திருப்பி, மூட்டை பின்னால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.