ஐந்நூற்று இருபதாவது கிலோமீட்டர்

முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று நாள்வரை கோழிக்குஞ்சுக்குத் தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். காற்று மட்டும் வேண்டும். இதை எனக்குச் சொன்னவன் என் அண்ணன்.

"குஞ்சு ஏத்தின வண்டி ஓடிக்கிட்டே இருக்கணும். ஓடுற வரைக்கும்தான் காத்து. நின்னா பத்து நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா பெட்டி அடுப்பாயிடும். அதனால டீசல் எங்க போடறோம்கிறதுதான் விஷயமே."

ஜன்னலோரக் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, எதிர்ச்சுவரைப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அவன் இதைச் சொன்னான். பார்ப்பதுபோலத்தான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் என் கணவரின் பிக்கப் வண்டி கிளம்பாமல் மக்கர் செய்தது. அண்ணன் தன் லாரியிலிருந்து ஒயர் இழுத்து, குனிந்து பேட்டரியில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் சொல்லும்வரை பொறுக்காமல் என் கணவர் சாவியைத் திருப்பினார். பேட்டரி வெடித்தது. அதில் இருந்த ஆசிட் அண்ணனின் இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டில் இருக்கிறான். அன்றிலிருந்து என் கணவர் அவனை மன்னிக்கவே இல்லை.

சாப்பிடும்போது அண்ணனின் தட்டைச் சத்தமில்லாமல் ஒரு சாண் தள்ளி வைப்பார். அண்ணனின் கை வெறும் தரையைத் தடவும்.

"என்ன மச்சான், தட்டு எத்தனாவது கிலோமீட்டர்ல இருக்கு?" என்பார்.

அண்ணன் சிரிப்பான். சிரித்துவிட்டால் தட்டு சீக்கிரம் திரும்பி வரும் என்று கற்றுக்கொண்டிருந்தான்.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே அவனுக்கு வேறு பெயர் இருந்தது. டிரைவர்கள் அவனை மைல்கல் என்பார்கள். வடக்கே போகும் அந்த நீளச் சாலையில் பதினெட்டு வருடம் ஓட்டியவன். எந்த பங்க்கில் அளவு சரியாக இருக்கும், எங்கே காலையில் லாரிகள் வரிசை கட்டும், எங்கே நிழல் உண்டு, எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. நெடுந்தூரம் போகிறவர்கள் கிழிந்த அட்டைப்பெட்டித் துண்டோடு ஜன்னலில் வந்து நிற்பார்கள். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுப்பேன். இந்த ஊரில் பாதி வண்டிகளின் கண்ணாடிக்கடியில் என் கையெழுத்துதான் செருகியிருந்தது. அவர்கள் "வரேன் மைல்கல்" என்று சொல்லிவிட்டுப் போனபின் கொஞ்ச நேரம் அண்ணனின் முதுகு நிமிர்ந்தே இருக்கும்.

கோழிப்பண்ணைக்காரரின் வேலை வந்தது அப்போதுதான். எண்ணூற்று அறுபது கிலோமீட்டர் தாண்டி அவர் பண்ணை. இரண்டாயிரம் குஞ்சுகளை மாலை ஆறு மணிக்குள் உயிரோடு சேர்த்தால், வருடம் முழுக்க வாரம் ஒரு லோடு என் கணவருக்கு. பண்ணையிலேயே தங்க ஓர் அறையும் உண்டு.

"ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்று என் கணவர் அண்ணனிடம் சொன்னார். "உனக்குக் கண்ணு தெரியாதவங்க இல்லத்துல சொல்லி வெச்சாச்சு மச்சான். அங்க நாப்பது பேரு, எல்லாம் உன்னை மாதிரியே. பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இல்ல."

அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. ரூட்டைச் சொல்லு."

அந்த இல்லத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடக்கும் நீளமான கூடம். ஒரு வயதானவரின் மணிக்கட்டைத் துண்டுக் கிழிசலால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். "ராத்திரியில எழுந்து நடந்துடறாரு" என்றாள் அங்கிருந்த ஆயா. அப்போது காலை பதினோரு மணி.

"அட்டை எடும்மா" என்றான் அண்ணன்.

எடுத்தேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு எழுதினேன். ஒரு பொய்யாவது சொல்லமாட்டானா என்று தேடினேன். இல்லை. ரோட்டைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது.

"டாங்கிய ரொப்பிக்கிட்டுக் கிளம்பு. நூத்தி எண்பதுல ஒரு பங்க். நிக்காதே, காலையில லாரி வரிசை. முன்னூத்திப் பத்துல போடு, தகரக் கூரை நிழல் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க. ஐந்நூத்தி இருபதுல ஒரு சொட்டு கூடப் போடாதே. மழை பெஞ்ச வாரத்துல அவன் தொட்டிக்குள்ள தண்ணி இறங்குது. அறுநூத்திப் பத்துல ரொப்பு. அப்புறம் நேரா பண்ணை. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

படித்தேன். அவன் தலையாட்டினான். அந்த வாரம் மூன்று நாள் மழை பெய்திருந்தது.

விடியும்போது கிளம்பினோம். அண்ணனை அன்று பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு அக்கா வந்திருந்தாள். வண்டியின் டீசல் முள் பல வருடமாகப் பாதியிலேயே செத்துக் கிடந்தது. கிலோமீட்டரை வைத்துத்தான் டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதற்கு அட்டையைப் படிக்க நான். பின்னால் இருபது பெட்டிகளில் இரண்டாயிரம் குஞ்சுகள். அந்தச் சத்தம் ஒரே குரலாக, கொதிக்கும் எண்ணெய் மாதிரி, முதுகுக்குப் பின்னால் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல்ல என்ன சொல்றான் மைல்கல்லு?"

"நூத்தி எண்பதுல நிக்க வேணாமாம். லாரி வரிசையாம்."

என் கணவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "ஏன்டி, ஒருத்தனைப் பிடிச்சு இல்லத்துல தள்ளப் போறோம். அவன் நமக்கு நல்ல வழி சொல்லுவானா? நானா இருந்தா சொல்லுவேனா?"

"அண்ணன் அப்படி இல்லீங்க."

"எல்லாரும் அப்படித்தான்."

நூற்று எண்பதில் நிறுத்தினார். அங்கே ஒரு லாரிகூட இல்லை. என்ன காரணமோ, அன்று அந்தச் சாலையே காலியாக இருந்தது. ஆறு நிமிடத்தில் டாங்கியை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தோம். என் கணவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பாத்தியா? எங்க வரிசை? உங்கண்ணன் கண்ணுக்குத் தெரிஞ்ச வரிசையா?"

முன்னூற்றுப் பத்தில், அண்ணன் போடச் சொன்ன இடத்தில், நிற்காமல் போனார். தகரக் கூரைக்கடியில் ஒரு டேங்கர் குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. அதைக் கண்டதும் என் கணவரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒருவன் தன்னைப் போலவே கெட்டவன் என்று உறுதியானால் வரும் நிம்மதி.

"ரெண்டுக்கு ரெண்டு. இனிமே அவன் எதைச் சொன்னாலும் திருப்பிப் போட்டா சரியா வரும். நல்ல ரூட்டுதான் கொடுத்திருக்கான் மச்சான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெதுவாகப் புரியவில்லை, காலில் முள் ஏறுவதுபோலச் சட்டென்று. வண்டியை அவர் ஓட்டவில்லை. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த இருநூறு கிலோமீட்டர் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் மரமற்ற நிலம். நடுவில் ஒருமுறை பின்பக்கக் கண்ணாடியைத் திறந்து பெட்டிகளைப் பார்த்தேன். துளைகளில் சின்னச் சின்ன அலகுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தொட்டேன். அது என் விரலைத் தீனி என்று நினைத்துக் கொத்தியது.

ஐந்நூற்றுப் பத்தில் அவர் கேட்டார். "அடுத்தது?"

டாங்கியில் இன்னும் நூற்றிருபது கிலோமீட்டருக்காவது இருந்தது. அறுநூற்றுப் பத்துவரை சிரமமில்லாமல் போகலாம். நான் ஒரு பொய் சொன்னால் போதும். 'ஐந்நூத்தி இருபதுல ரொப்பச் சொல்லியிருக்கான்' என்றால், அவர் அந்த பங்க்கை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விடுவார். குஞ்சுகள் பிழைக்கும். பண்ணைக்காரர் தோளில் தட்டுவார். இரண்டு பேருக்கான அறை கிடைக்கும். துண்டுக் கிழிசலுக்கு இன்னொரு மணிக்கட்டும் கிடைக்கும்.

அட்டையை மடியில் வைத்து நீவினேன்.

"ஐந்நூத்தி இருபதுல ஒரு சொட்டு கூடப் போடாதேன்னு சொல்லியிருக்கான். தொட்டிக்குள்ள தண்ணி இறங்குதாம். அறுநூத்திப் பத்துல ரொப்பணுமாம்."

"அப்படியா?"

"சத்தியமாங்க. எழுதினதைத்தான் படிக்கிறேன்."

"முள்ளு செத்த வண்டியை இன்னும் தொண்ணூறு ஓட்டி நடு ரோட்டுல நிக்க வைக்கணும். அதானே திட்டம்? கேடி!"

நிறுத்தினார். பங்க் ஆள் அரைத்தூக்கத்தில் வந்து நிரப்பிவிட்டுப் போனான். நான் ஜன்னல் வழியாக அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்க இன்னும் நேரமிருந்தது. மீட்டரில் எண்கள் ஓடி முடியும்வரை நேரமிருந்தது.

இருபது கிலோமீட்டர்கூடப் போகவில்லை. வண்டி இருமியது. வெள்ளையாகப் புகைந்தது. இரண்டு முறை உதறிவிட்டு நின்றது.

உச்சிவெயில். என் கணவர் பானெட்டைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினார். டம்ளரில் பிடித்தபோது டீசலுக்கடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து, தெளிவாக நின்றது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஊற்றினார், துடைத்தார், மாட்டினார், சாவியைத் திருப்பினார். மறுபடி கழற்றினார். ஒரு நட்டு கைநழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"விசிறுடி! என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? விசிறு!"

பெட்டிகளைத் திறந்து அந்த அட்டையாலேயே விசிறினேன். குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலைக்கு மூலை குவிந்தன. அடியில் இருந்தவை முதலில் போயின. நான் கைவிட்டுப் பிரித்தேன். அவை மறுபடி குவிந்தன. கொதிக்கும் எண்ணெய்ச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கடைசியில் தனித்தனிக் குரல்களை எண்ண முடிந்தது. அதற்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. என் கணவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்தேன்.

போனில் பண்ணைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தனை உசுரோட இருக்கு?" பதிலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

மெக்கானிக்கைக் கூட்டி வந்து டாங்கியைக் காலி செய்து திரும்பினோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் என் கணவர் வண்டியை ஓரங்கட்டினார். அட்டையை என் கையிலிருந்து வாங்கி நான்காய்க் கிழித்து வெளியே எறிந்தார்.

"அட்டையில என்ன இருந்துச்சு?"

காற்றில் பறந்த துண்டுகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஐந்நூத்தி இருபதுல போடுன்னு இருந்துச்சு. என்ன இருந்துச்சு?"

"போடுன்னு இருந்துச்சு."

"இதை மாத்திச் சொன்னே, உங்கண்ணன் இன்னைக்கே இல்லத்துல. மாத்தலேன்னா இங்கேயே கிடக்கட்டும். வர்றவன் போறவன் எல்லாம் அவனைப் பாக்கட்டும்."

லாரி ஸ்டாண்டில் இறங்கி, டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களிடம் அவரே சொன்னார். மைல்கல் சொன்ன இடத்தில் டீசல் போட்டேன், இரண்டாயிரம் குஞ்சும் போச்சு. யாரோ "அடப்பாவி!" என்றார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, "எழுதினது நீதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் தன் வண்டிக்குப் போய்க் கண்ணாடிக்கடியில் செருகியிருந்த அட்டையை உருவினார்.

வீட்டில் அண்ணன் கட்டில் நுனியில் காத்துக்கொண்டிருந்தான். செய்தி எங்களுக்கு முன்பே அவனிடம் வந்துவிட்டது. என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"நான் என்னம்மா சொன்னேன்?" என்றான் அண்ணன். "ஐந்நூத்தி இருபதுல போடுன்னா சொன்னேன்?"

"ஆமாண்ணே."

"போடாதேன்னு சொன்ன மாதிரி இருக்கே."

"போடுன்னுதான் சொன்னே. நான் திருப்பிப் படிச்சேன். நீ தலையாட்டினே."

அவன் கை கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தது, தட்டைத் தேடுவதுபோல.

"அப்போ ரெண்டாயிரம் குஞ்சும்..."

"விடு மச்சான்" என்றார் என் கணவர், மிகவும் கனிவாக. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது.

இப்போது ஜன்னலுக்கு யாரும் வருவதில்லை. இல்லத்தைப் பற்றி என் கணவரும் பேசுவதில்லை. காலையில் வேலையெல்லாம் முடிந்ததும் அண்ணன் என்னைக் கூப்பிடுவான். ஒரு அட்டை எடுத்துக்கொள்ளச் சொல்வான். யாருக்கு என்று நானும் கேட்பதில்லை. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருவான்: நூற்று எண்பது, முன்னூற்றுப் பத்து. அங்கே வந்ததும் நின்றுவிடுவான். உதடு மட்டும் அசையும். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப்பிள்ளை கேட்பதுபோலக் கேட்பான்.

"ஐந்நூத்தி இருபதுல போடலாமா, வேணாமா? நீயே சொல்லும்மா."

"போடலாம்ணே" என்று சொல்லி, அப்படியே எழுதுகிறேன்.