நானூறு கிராம் இப்படியோ அப்படியோ

"நாலு கிலோ இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "நானூறு கிராம் இப்படியோ அப்படியோ. உள்ள இருக்கிற பிள்ளையைத் தூக்கித் தராசுலயா வைக்க முடியும்?"

தையல்காரன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. கடைத் தராசுகளையும் லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடைகளையும் சோதித்து முத்திரை குத்துவது அவள் உத்தியோகம். பதினோரு வருடமாகப் பிழையைத் தேடியே சம்பளம் வாங்குகிறாள். இந்த நானூறு கிராமும் அவளுக்குப் புதிதில்லை. ஆறு வருடத்துக்கு முன், வேறொரு ஆஸ்பத்திரியில், இதே போன்ற மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு வழி இருக்கு," என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "வியாழக்கிழமை சேர்ந்தா மருந்து வச்சு வலி வரவைக்கலாம். ஒரு நாளும் ஆகும், ரெண்டு நாளும் ஆகும். கடைசியில ஆபரேஷன்லயே போய் நிக்கவும் செய்யலாம். இல்லைன்னா வெள்ளிக்கிழமை காலையில நேராவே ஆபரேஷன். முதல் பிள்ளை பொறக்கும்போது தோள் உள்ளேயே மாட்டியிருக்கு. அப்படி ஆனவங்கள்ல பத்துப் பேருக்கு ஒருத்தர்னு வைங்க, மறுபடி மாட்டலாம். ஒன்பது பேருக்கு மாட்டாது. ஆபரேஷன்னா அந்தப் பயம் அநேகமா இல்ல. ஆனா அது வயித்தைக் கிழிக்கிற சமாச்சாரம். ரத்தம் போகும், புண் ஆற நாளாகும், அடுத்து ஒண்ணு வேணும்னாலும் யோசிக்கணும்."

"நீங்களே ஒண்ணைச் சொல்லிடுங்க டாக்டர். எங்களுக்கு என்ன தெரியும்?" என்றான் தையல்காரன்.

"நான் ஆபரேஷன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனா இதுவும் தப்பில்ல, அதுவும் தப்பில்ல. அவங்க உடம்பு, அவங்க சொல்லட்டும். புதன்கிழமை வாங்க. பழைய ஃபைலையும் கொண்டு வாங்க. போன தடவை என்ன சொன்னாங்க, என்ன செஞ்சாங்கன்னு நான் பார்க்கணும்."

"என்ன சொன்னாங்களா?" தையல்காரன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "ஒரு வார்த்தை சொல்லல டாக்டர். பிள்ளை பெருசா இருக்கு, ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் பொண்ணு கை இப்படி ஆகியிருக்குமா? அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்லா இருப்பாங்களா? புகார் எழுதிப் போடலாம்னு பேப்பர்கூட வாங்கிட்டேன். இவதான் விடுங்கன்னுட்டா. இவளுக்கு மனசு பெருசு."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளை இரண்டு தரம் எண்ணி முடித்தாள்.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போனாள். விடுப்பு எழுதிக்கொடுத்து ஒரு வாரமாகிவிட்டிருந்தது. வாசலில் எடைக்கல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் துணியை உதறினார்.

"என்னம்மா, லீவு கொடுத்தாலும் ஆபீஸ் விடமாட்டேங்குதா?"

"ஒரு ஃபைல் எடுக்கணும்ண்ணே."

"எடுத்துட்டு ஓடிப் போயிடு. இருபது கிலோக் கல்லுல ஒண்ணு குறையுதுன்னு மேலிடத்துல தேடுறாங்க. உன் வயித்தைப் பார்த்தா உன்னைத்தான் முதல்ல சோதனை போடுவாங்க."

அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. படியேறி அலமாரியைத் திறக்கும்வரை அது உதட்டில் இருந்தது.

தேறாமல் போன தராசுகளின் ஃபைல் கட்டுகள் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. அவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மூன்றாவது கட்டுக்குள், முதல் பிரசவத்தின் அந்தப் பச்சை அட்டை ஃபைல் அவள் ஒளித்துவைத்தபடியே இருந்தது. நான்காம் பக்கம். "குழந்தையின் எடை மூன்று கிலோ தொள்ளாயிரம் இருக்கலாம். அறுவை சிகிச்சை பற்றி எடுத்துச் சொல்லப்பட்டது. வேண்டாம் என்கிறார்." கீழே அவள் கையெழுத்து. அவசரத்தில் போட்டதில்லை. நிதானமாக, சான்றிதழ்களில் போடுவதைப் போல, அடியில் கோடிழுத்துப் போட்டது.

அந்தக் கையெழுத்தைப் போட்ட அன்றைக்கு அவள் கணவன் உடன் வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருந்தது. அவன் தைக்க வேண்டிய சீருடைகள் மலைபோலக் கிடந்தன. அந்த டாக்டரும் இப்படித்தான் சொன்னார்: நானூறு கிராம் இப்படியோ அப்படியோ. அவள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். எந்தத் தராசும் துல்லியமில்லை. இவ்வளவு வரை பிழை இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் நின்றால் தராசு தேறியது. முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். நானூறு கிராம் என்று கேட்டதும் அவள் மனம் வழக்கம்போல முத்திரையை எடுத்துவிட்டது. வரம்பு என்பது இங்கே தேறியதற்கான முத்திரை இல்லை, தெரியவில்லை என்பதற்கு இன்னொரு பெயர் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. 'வேண்டாம் டாக்டர், தானா பொறக்கட்டும்,' என்றாள். வீட்டுக்கு வந்து, 'எல்லாம் சரியா இருக்காம்,' என்றும் சொன்னாள்.

தலை வந்தது. தோள் வரவில்லை. ஒரு நர்ஸ் முக்காலியில் ஏறி நின்று அவள் அடிவயிற்றை அழுத்தியதும், யாரோ நிமிடங்களைச் சத்தமாகச் சொன்னதும், அந்தக் குரல் மூன்றுக்குப் பிறகு நடுங்கியதும் அவளுக்கு இன்றும் கேட்கும். இழுத்து எடுத்ததில் குழந்தையின் வலது கை நரம்பு நைந்துபோனது. பிறகு குழந்தையை எடை போட்டார்கள். நான்கு கிலோ முந்நூறு. அந்த நிலையிலும் அவள் தலையைத் திருப்பி, தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

அதற்குப் பெயர் சுகப்பிரசவம். அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் மகள் வாலு சுவரேறிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பெண்ணுக்கு வாலு என்ற பெயரே நிலைத்துவிட்டது. சுவரேறுவது கைக்கான பயிற்சி: வலது கையின் இரண்டு விரல்களை எறும்பு மாதிரி சுவரில் ஊரவிட்டு, எட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். அம்மா அங்கே பென்சிலால் கோடு போடுவாள். நான்கு மாதமாகக் கோடுகள் தோளுக்குக் கொஞ்சம் மேலே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுத்துப்போயிருந்தன.

"தோளைத் தூக்காத. கையைத் தூக்கு."

"நான் தூக்கல. அதுவா தூக்குது."

"அதுவா எப்படித் தூக்கும்?"

"இது தூங்குமூஞ்சிக் கைம்மா. நான் சொன்னா கேக்காது. நீ சொல்லு." சற்று நேரம் விரல்கள் நின்றன. "அம்மா, பாப்பாவுக்கும் ஒரு கை தூங்குமூஞ்சியா இருக்குமா?"

"இருக்காது."

"ஒண்ணு இருந்தா நல்லாருக்கும். நான் சொல்லிக் கொடுப்பேன்ல, எப்படிச் சட்டை போடுறதுன்னு."

மிஷின் முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த தையல்காரனின் கால் மிதியில் நின்றது. வாலுவின் சட்டைகளை அவன்தான் தைப்பான். வலது கை அகலமாக, பட்டனுக்குப் பதில் ஒட்டுப்பட்டையாக, அவளே இடது கையால் போட்டுக்கொள்ளும்படி. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் விளையாடிவிட்டு வரும்படி மகளை அனுப்பினான். குழந்தை போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"கேட்டியா? இந்தப் பேச்செல்லாம் அந்தப் பழைய டாக்டரம்மா காதுல விழணும். அப்பத்தான் உறைக்கும்."

அவள் சுவரோரம் நின்றபடி இருந்தாள். இரண்டு நாளாக அவள் யோசித்ததெல்லாம் இதுதான்: ஆபரேஷன் என்று சொன்னால், அன்றைக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். வலி வரவைக்கலாம் என்று சொல்லி, எல்லாம் நல்லபடி முடிந்தால், அன்றைக்குச் சொன்னதும் அப்படியொன்றும் தப்பில்லை என்று ஆகும். நேற்று முழுவதும் அவள் இரண்டாவது வழியின் பக்கமே சாய்ந்திருந்தாள். உள்ளே இருப்பது இன்னொரு பிள்ளை, தன் கேஸைத் திருப்பி எழுத வருகிற சாட்சி இல்லை என்பது பச்சை அட்டையைக் கையில் எடுத்தபோதுதான் நெஞ்சில் குத்தியது.

"அவங்க சொன்னாங்க," என்றாள்.

"யாரு?"

"அந்த டாக்டர். ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்."

பையிலிருந்து அட்டையை எடுத்து நான்காம் பக்கத்தைத் திருப்பி மிஷின்மேல் வைத்தாள். அவன் படித்தான். மூன்று வரிக்கு இவ்வளவு நேரம் ஆகாது. கோடு போட்ட கையெழுத்தின்மேல் விரலை வைத்தான். துணியின் சுருக்கத்தை நீவுவதைப் போல நீவினான். தெருவில் ஒரு வண்டி நின்று, ஆள் இறங்கி, கதவு சாத்தி, போயிற்று.

"ஏன் வேணாம்னே?"

சொன்னாள். வரம்பு, தேறியது, முத்திரை. சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஒரு பைத்தியக்காரியின் பேச்சாகக் கேட்டது.

"சரி," என்றான். "தெரியாம சொல்லிட்ட. நானா இருந்தா என்ன சொல்லியிருப்பேனோ. அதை விடு." எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "ஆறு வருஷமா அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருக்கேன். கடையில, பஸ்ல, சொந்தக்காரங்க வீட்டுல. நேத்துகூட. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கே."

"ஆமா."

"மனசு பெருசுன்னேன் உன்னை."

அவள் அட்டையை மூடிப் பையில் வைத்தாள். மகள் திரும்பி வந்து, ஏன் ரெண்டு பேரும் உம்மணாமூஞ்சியா இருக்கீங்க என்று கேட்டபோது, "பசி," என்றான். மூவரும் சாப்பிட்டார்கள். அவன் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிவைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் இருந்தன. அவள் ஒரு ஓரம் உட்கார்ந்தாள். அவன் மறு ஓரம் போய் உட்கார்ந்தான். டாக்டரம்மா நான்காம் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். ஏதோ புரிந்தவர் போல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கணக்கை வச்சு நானா இருந்தாலும் அன்னிக்கு உங்களை வற்புறுத்தியிருக்க மாட்டேன்மா."

இந்த வார்த்தைக்காக அவள் ஆறு வருடம் ஏங்கியிருக்கிறாள். வந்தபோது அது எங்கேயும் ஒட்டாமல் வழுக்கிப் போயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"சரி, என்ன முடிவு பண்ணீங்க?"

"ஆபரேஷன்," என்றாள். "எடையை விட்டுட்டேன் டாக்டர். நாலோ நாலரையோ, அது யாருக்கும் தெரியாது. முதல் பிள்ளைக்கு மாட்டுச்சு, அது தெரியும். தெரிஞ்சதை வச்சு சொல்றேன். பயமாத்தான் இருக்கு."

"பயம் இருக்கட்டும். தப்பில்ல." டாக்டரம்மா சம்மதப் படிவத்தை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அடியில் கோடு இழுக்கவில்லை. "கூட இருக்கிறவங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்."

படிவம் நடு நாற்காலியைத் தாண்டி அவன் கைக்குப் போனது. அவன் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான். பொடி எழுத்தையும் விடவில்லை. வெளியே அடுத்தவர் இருமினார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசிவரை படித்துவிட்டுப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"எனக்கு முதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர்."

"திங்கக்கிழமை சொன்னேனே?"

"அன்னிக்கு நான் கேக்கல. நீங்க பாத்துப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வலி வரவைக்கிறது எப்படி, அதுல என்ன கெடுதல் வரும்? ஆபரேஷன்ல என்ன வரும்? இவளுக்கு என்ன, பிள்ளைக்கு என்ன? எல்லாம் சொல்லுங்க. அப்புறம் போடுறேன்." படிவத்தை ஓரமாக நகர்த்தினான். "எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க."

அதை அவன் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னான்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, இடுப்பெலும்பின் படத்தை வரைய ஆரம்பித்தார். தையல்காரன் மேசையின்மேல் குனிந்தான். எல்லாம் கேட்டவள்தான் என்றாலும் அவளும் குனிந்தாள்.

"இது தலை," என்றார் டாக்டரம்மா. "இது தோள்."

"ம்," என்றான் அவன். "சொல்லுங்க."