நரிக்குடி பஸ்ஸு வரட்டும்

அம்மாவின் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள் பானுப்பிரியா. இழுத்தால் வலிக்குமே என்று கை தானாக மெதுவாகப் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் உரசிக்கொண்டிருந்த பாலாமணி அத்தை, பூ வாடுவதற்குள் வாரி முடி என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடிச் சேலை யாரு போடுறது?"

 கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவின் காதில் அது விழுந்திருக்கும். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று விடிந்ததும் அம்மா எழுந்து, தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, காப்பி கலந்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று கட்டிலில் படுத்தவள், "தொட்டி வழியப்போகுது, மோட்டார நிறுத்துங்க" என்றாளாம். அப்பா போய் நிறுத்திவிட்டு வருவதற்குள் மூச்சு அடங்கியிருந்தது. அவ்வளவுதான். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அந்த மோட்டார் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார். உடனே நிறுத்திவிட்டேன், ஒரு சொட்டுகூட வழியவில்லை என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

அப்பா வேங்கடபதி இளவயதில் அருப்புக்கோட்டையிலிருந்து சேலை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் தவணைக்கு விற்றவர். கருவேலங்காட்டு ஓரமாக ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டில் பொன்னுத்தாய் என்றொரு பெண், வாரம் ஒருமுறை மூட்டையைப் பிரிக்கச் சொல்லி எல்லாச் சேலையையும் பார்ப்பாள், ஒன்றும் எடுக்கமாட்டாள். "எடுக்கவே மாட்டேங்குறாளேனு பாத்தேன், கடைசில வியாபாரியையே எடுத்துட்டா" என்று அப்பா பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியைத் தட்டுவாள்.

வேற்றுச் சாதி, வேற்றுப் பாஷை. அப்பா வீட்டில் தெலுங்கு. ஒரே மழைக்காலத்தில் அம்மா தெலுங்கு படித்துக்கொண்டாள். நரிக்குடி இழுவையோடு அவள் பேசும் தெலுங்கைக் கேட்டு நாத்தனார்மார் சிரித்தார்கள். அப்பா அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மாவோடு தமிழில் பேச ஆரம்பித்தார். ஊருக்கு முன்னால் அம்மா தெலுங்கில் கேட்பாள், அப்பா தமிழில் பதில் சொல்வார். சண்டை என்றால் இரண்டு பேருமே தமிழ்.

அம்மா வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவளுடைய அப்பா இறந்தபோது சேதி கேட்டு ஓடியவளை, அண்ணன் தனுஷ்கோடி தெரு முனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அம்மா வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு உலை வைத்தாள். அப்போது பானுப்பிரியா கைக்குழந்தை. இதெல்லாம் அத்தை சொல்லித் தெரிந்ததுதான்.

ஆனால் ஒன்றை அவளே பார்த்திருக்கிறாள். பொங்கல் கழிந்ததும் அப்பாவும் அம்மாவும் வருடம் தவறாமல் திருச்சுழி கோயிலுக்கென்று கிளம்புவார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவளும் அடம்பிடித்துக் கூடப் போனாள். பஸ் திருச்சுழியைத் தாண்டியும் அவர்கள் இறங்கவில்லை. ஒரு வேப்பமரத்து நிறுத்தத்தில் பஸ் நின்றது. அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, ரோட்டைப் பார்த்த ஓர் ஓட்டு வீட்டையே பார்த்தாள். வாசலில் யாரோ மல்லி காயவைத்திருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கண்டக்டரிடம் மழையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நரிக்குடியில் இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். வரும் வழியில்தான் கோயில். அம்மா அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தாள்.

"சேதி சொல்லி விட்டாச்சா?" என்று அப்பா திடீரென்று கேட்டார்.

யாருக்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. பானுப்பிரியாவின் அண்ணன் சௌந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த ஊரில் இன்னமும் அப்பாவிடம் சேலை எடுக்கும் முருகேஸ்வரிக்குப் பானுப்பிரியாதான் போன் போட்டாள். தனுஷ்கோடி வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். வருவாரா என்று பானுப்பிரியா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மதியம் ஆயிற்று. பந்தலுக்குள் அனல் இறங்கியது. அம்மாவைக் கிடத்திய ஐஸ் பெட்டி மேல் வேர்த்த நீரைப் பானுப்பிரியா ஒரு துண்டால் துடைத்துக்கொண்டேயிருந்தாள். நரிக்குடி பஸ் ஒன்று வந்து போனதாகத் தெருவில் யாரோ சொன்னார்கள். யாரும் வரவில்லை. இன்னொன்றும் வந்து போயிற்று. பெரியவர்கள் பொழுது சாய்வதற்குள் எடுக்கவேண்டும் என்றார்கள். கோடியை நானே போட்டுவிடுகிறேன், எனக்கும் அவள் தங்கச்சி மாதிரிதான் என்றாள் பாலாமணி அத்தை. அம்மாவின் தெலுங்கைக் கேட்டுச் சிரித்த நாத்தனார்மாரில் அத்தையும் ஒருத்தி. கடைசிப் பத்திருபது வருடமாக அம்மா இல்லாமல் சினிமாவுக்குக்கூடப் போகாதவள்.

"அடுத்த பஸ்ஸு வரட்டும்" என்றார் அப்பா.

சௌந்தரால் பொறுக்க முடியவில்லை. "எங்கம்மாவத் தெரு முனைல நிப்பாட்டுன ஆளுப்பா அவரு. அவருக்காக எதுக்கு அம்மாவப் போட்டு வச்சிருக்கணும்?"

அப்பா கோபப்படவில்லை. "வருசா வருசம் இங்கருந்து பஸ்ஸேறிப் போயி அந்த வீட்டப் பாத்துட்டு வந்தா உங்கம்மா. இன்னைக்கு ஒருநா அங்கருந்து பஸ்ஸு வருதானு நான் பாக்குறேன். அம்புட்டுதான்."

 சௌந்தர் வெளியே போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் யாரும் இல்லை என்று தனியாகத் திரும்பினான்.

அதற்கப்புறம்தான் பானுப்பிரியா அவரைப் பார்த்தாள். பந்தலின் கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றிருந்தார். கையில் துணிக்கடைப் பை. செருப்பைக் கழற்றியிருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. சுடுதரையில் காலை மாற்றி மாற்றி வைத்தார். வந்தவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. அம்மாவின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

அவள் எழுந்து போனாள். "மாமா" என்றாள். நாக்குக்குப் பழக்கமில்லாத வார்த்தையாக இருந்தது. "உள்ள வாங்க மாமா."

அவர் அவளையே பார்த்தார். "நீ மூத்தவளா, எளையவளாம்மா?"

"நான் ஒருத்திதான் மாமா. எனக்கு மேல அண்ணன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "உங்கப்பா என்னைய ஏதாச்சும் சொல்லுவாரோ?"

அதற்குள் அப்பாவே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். காலையிலிருந்து அவர் எழுந்தது அப்போதுதான். "வாங்க மச்சான்" என்றார், போன வாரம் வந்துபோனவரைக் கூப்பிடுவதுபோல.

தனுஷ்கோடி பையை நீட்டினார். அப்பா சேலையை வெளியே எடுத்தார். காலமெல்லாம் செய்த பழக்கம், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகக் கரையை நெருடிப் பார்த்தன.

"நல்ல சேலை. இங்கதான் எடுத்தீகளா?"

"சேதி கேட்டதும் மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன்" என்றார் தனுஷ்கோடி. "கடை கடையா ஏறி எறங்குனேன். அதுக்கு என்ன கலரு புடிக்கும்னே தெரியல எனக்கு."

கத்தரிப்பூ நிறம். அப்பா சேலையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றார்.

"இந்தக் கலருதான்" என்றார். "இதுன்னா அவளுக்கு உசுரு."

பாலாமணி அத்தை சட்டென்று பானுப்பிரியாவைப் பார்த்தாள். சேலைக்காரர் பெண்டாட்டியாக எல்லா நிறத்தையும் கட்டிப்பார்த்த அம்மா, அந்த ஒரு நிறத்தை மட்டும் தொடமாட்டாள். வந்த இரண்டு கத்தரிப்பூச் சேலைகளையும் மடிப்புக் கலையாமல் அத்தைக்கே கொடுத்திருக்கிறாள். அத்தை தலையைக் குனிந்து மூக்கைச் சிந்தினாள். 

பெட்டியைத் திறந்தார்கள். தனுஷ்கோடி சேலையைத் தங்கை மேல் விரித்துவிட்டு, கால் பக்கம் சுருங்கியிருந்ததை நீவி நீவிச் சரிசெய்தார். சரியான பிறகும் நீவிக்கொண்டிருந்தார். சௌந்தர்தான் அவர் தோளைப் பிடித்து நகர்த்திக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

அம்மாவைக் கொண்டுபோனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பானுப்பிரியா கட்டில் விரிப்பை மடித்தாள். வாசலில் விளக்கு வைத்தாள். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது வெயில் தணிந்து, தெருவில் தறிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தது. மாற்று வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு அவள் தெருக்கோடி அடிகுழாய்க்குப் போனாள்.

மற்றவர்கள் குளித்து முடித்திருந்தார்கள். அப்பா குழாயடியில் சிமிண்டு மேடை மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். தனுஷ்கோடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அப்பாவின் தலையிலும் முதுகிலும் விழுந்து வழிந்தது.

பானுப்பிரியா துண்டை நீட்டியபடி நின்றாள். அப்பா போதும் என்று சொல்லவில்லை. தனுஷ்கோடியும் தண்ணீர் அடிப்பதை நிறுத்தவில்லை.