தையல் டீச்சர் வேண்டாமென்ற வட்டி

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. 1998இல் திருப்பூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனியன் பெட்டிக்கு லேபிளும் காலண்டரும் அடிக்கிற அச்சகம். ஆசிரியர்களின் சிக்கன நாணயச் சங்கம் ஒன்று ஆண்டு மலர் அடிக்கக் கொடுத்திருந்தது. அதில் இரண்டு பக்கம் காலியாக நின்றது. "ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் சேமிப்பது எப்படி? பத்து யோசனைகள். சாயங்காலத்துக்குள்ள எழுதிப்போடு" என்றார் முதலாளி. இருபதாம் தேதி ஆனால் டீக்கடையில் கடன் சொல்கிறவன் நான். சேமிப்பைப் பற்றி நான் எழுதுவதா?

கன்னையனைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். நிதியுதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எழுத்தர். சொந்த ஊர் குன்னத்தூர். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"ஒண்ணு, சம்பளம் வாங்குன அன்னிக்கே எடுத்து வெச்சுப்போடோணும். மிஞ்சுனா வெக்கலாம்னா மிஞ்சாதுங்க. ரெண்டு, பி.எப்.ல புடிக்கறதை வருசாவருசம் கூட்டோணும். மூணு, கல்யாணமானா நாமினி பேரை மாத்தோணும். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாருக்கு, செத்துப் பத்து வருசமான அவிங்கப்பாதான் இன்னிக்கும் நாமினி."

ஒன்பது வரைக்கும் தங்குதடையில்லாமல் வந்தது.

"பத்துங்க?" என்றேன்.

கன்னையன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "அது யோசனை இல்லீங்க. நான் பண்ணுன ஒரு காரியம்" என்றார்.

மலரில் ஒன்பது யோசனைகள்தான் வந்தன. ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2

கன்னையன் சொன்ன அந்தக் காரியத்தைக் கதையாக்க மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: "1981 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ரஹ்மத்துன்னிசா என்ற இருபத்தாறு வயதுப் பெண், தையல் ஆசிரியையாக வேலையில் சேரப் புறப்பட்டபோது அவள் மனத்தில்" — இதற்கு மேல் போகவில்லை. அவர் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. 'அவள்' என்று எழுதியதும் தப்பு. அவரை இன்றைக்கும் ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது.

இரண்டாவது: "கன்னையன் நல்லவர்." எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இதற்குப் பிறகு நான் எதை எழுதினாலும் வாசிக்கிறவர் அவரை மன்னித்துவிடுவார்.

மூன்றாவதில்தான் வண்டி நகர்ந்தது. சம்பள நாளில் தொடங்கினேன்.

3

சம்பள நாளில் கன்னையனைக் கண்டால் ஆசிரியர் அறையே பர்ஸை மூடிக்கொள்ளும். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய கையோடு, "சார், பி.எப்.ல இருவது ரூவா கூட்டிப் போடட்டுங்களா?" என்பார். கடைநிலை ஊழியர் வெள்ளையனைப் பீடியிலிருந்து அஞ்சலகத்துக்கு மாற்றியவர் அவர்தான். பீடிக் காசு முழுக்க மாதாமாதம் அங்கே போயிற்று. வெள்ளையன் முகத்துக்கு நேரே திட்டினார். ஐந்து வருடம் கழித்து அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது முதல் பத்திரிகையைக் கன்னையனுக்கு வைத்தார்.

தன் சம்பளத்தைவிட அடுத்தவர் சம்பளத்தின் மீதுதான் கன்னையனுக்குக் கவலை அதிகம். அவருடைய அப்பா சத்திரம் ஒன்றில் சமையல் வேலை பார்த்து, கையில் ஒன்றும் இல்லாமல் செத்தவர். [இந்தக் காரணத்தைக் கன்னையன் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளையன் சொன்னார்.]

புதிதாகச் சேர்ந்த தையல் டீச்சர் அவர் மேஜைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். பி.எப். என்கிற சேமநிதியில் தன் பணத்துக்கு வட்டி சேர்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. விதிகளில் அதற்கு இடம் உண்டு. முஸ்லிம் சந்தாதாரர் விரும்பினால் அப்படி எழுதிக் கொடுக்கலாம். கன்னையன் அதைப் படித்திருந்தார். எழுதிக் கொடுத்த ஆளை அன்றுதான் பார்த்தார்.

"டீச்சர், இது கந்து வட்டி இல்லீங்க. கவர்ன்மென்ட் குடுக்கறது. யாரு வயித்துலயும் அடிக்கறதில்லீங்களே."

"இருக்கலாமுங்க சார். எங்க அத்தா வட்டிக்கு வாங்கித்தான் வேஸ்ட் துணி யாவாரம் பண்ணுனாரு. கட்ட முடியலைன்னதும் ஊட்ல இருந்த தையல் மிசினைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பாதி தெச்ச பாவாடை ஊசியிலயே மாட்டிட்டு இருந்துச்சு. அதோடவே தூக்கிட்டாங்க. மார்க்கமும் வேணாங்குது. எனக்கும் வேணாமுங்க."

[அது பாவாடை இல்லை, தலையணை உறை என்று டீச்சர் பிறகு என்னிடம் திருத்தினார். நான் மாற்றியிருக்க வேண்டும். பாவாடைதான் கதைக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.]

"அனுப்பிருங்க சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வகுப்புக்குப் போனார்.

கன்னையன் அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் வைத்தார். டீச்சருக்குச் சின்ன வயது. வீட்டுக்காரர் சனாவுல்லாவுக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, வாரச் சம்பளம். ஆர்டர் இல்லாத வாரம் அதுவும் இல்லை. இந்த அம்மாவுக்கு நாளைக்கு என்ன இருக்கப்போகிறது? ஒரு மாதம் பொறுப்போம், அவராகவே வந்து திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நினைத்தார்.

ஒரு மாதம் ஆறு மாதமாயிற்று. மார்ச் கடைசியில் கணக்கு முடிந்து வட்டியும் ஏறிவிட்டது. இனி அனுப்பினால், இத்தனை நாள் ஏன் அனுப்பவில்லை என்று கேட்பார்கள்.

4

[இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். தப்பு நீண்டுகொண்டே போகும் காலத்தில் கதை எழுத அதிகம் இருப்பதில்லை. தப்பு செய்கிறவர் தினமும் வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார்.]

சேமநிதிக் கணக்குச் சீட்டு வருடம் தவறாமல் வந்துவிடுவதில்லை. இரண்டு வருடச் சீட்டு சேர்ந்து வரும், சில வருடம் வரவே வராது. வந்ததை வாங்கி வைப்பவர் கன்னையன். மற்றவர்களுக்குச் சீட்டையே கொடுத்துவிடுவார். தையல் டீச்சருக்கு மட்டும், சம்பளத்தில் பிடித்த தொகையைக் கூட்டித் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். டீச்சரும் நம்பி மடித்து வைத்துக்கொள்வார்.

திருப்பூர் அப்போது வேறு ஊராகிக்கொண்டிருந்தது. பள்ளியின் அறிவியல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போய், ஒரே வருடத்தில் பைக் வாங்கினார்.

1988இல் ஒரு நாள் டீச்சர் கேட்டார். "சார், அன்னிக்கு எழுதிக் குடுத்தனுங்களே, அந்த லெட்டர் போயிருச்சுங்களா?"

இந்த இடத்தில் கன்னையனைத் தும்ம வைத்தேன், பள்ளி மணியை அடிக்க வைத்தேன், தலைமையாசிரியையை உள்ளே வரவழைத்தேன். அவர் பதில் சொல்லாமல் தப்பிக்க மூன்று வழிகள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய். நடந்தது இதுதான்.

"போயிருச்சுங்க டீச்சர்" என்றார் கன்னையன்.

5

1996இல் வேலம்பாளையத்தில் டீச்சர் குடியிருந்த வரிசை வீடுகளை அவற்றின் சொந்தக்காரர் இடித்துத் தையல் யூனிட் கட்டப்போவதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஊரைத் தாண்டிப் புதிதாகச் சைட் போட்டிருந்தார்கள், சென்ட் பன்னிரண்டாயிரம். மூன்று சென்ட் வாங்கினால் மகள் நூர்ஜானுக்கும் ஓர் அறை கட்டலாம் என்று சனாவுல்லா கணக்குப் போட்டார். டீச்சருக்குப் பதினைந்து வருடச் சர்வீஸ் முடிந்திருந்தது. சேமநிதியில் இருப்பதில் முக்கால் பங்கு வரை எடுக்கலாம். விண்ணப்பத்தில் இருப்புத் தொகையை எழுத வேண்டும், சீட்டையும் இணைக்க வேண்டும்.

கன்னையன் எல்லாச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் தையல் அறைக்குப் போனார். அவருக்குப் பயம் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். இடம் வாங்கப் பணம் போதாத நேரத்தில் இரண்டு மடங்காகக் கையில் கொடுக்கப்போகிறோமே.

டீச்சர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க கட்டுனது முப்பத்தெட்டாயிரமுங்க. கணக்குல இருக்கறது எழுபத்து நாலாயிரம்."

"அதெப்படிங்க?"

"அந்த லெட்டரை நான் அனுப்பலீங்க."

டீச்சர் தூக்கை மூடினார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வட்டி என்று போட்டிருந்த கட்டத்தின் மேல் ஒவ்வொரு சீட்டிலும் விரலை வைத்தார்.

"நான் கேட்டதுக்குப் போயிருச்சுன்னீங்க."

"ஆமாங்க."

"பதினஞ்சு வருசமா இது என்ர பேர்ல ஏறிட்டு இருந்திருக்குது."

"உங்க நல்லதுக்குத்தானுங்க டீச்சர். இப்பப் பாருங்க, மூணு சென்ட் என்ன, நாலு சென்ட்டே…"

"சார்." குரல் உயரவில்லை. "ஆம்பள வாத்தியாரு யாராச்சும் எழுதிக் குடுத்திருந்தா, டிராயர்ல போட்டு வெச்சிருப்பீங்களா?"

கன்னையன் வாயைத் திறந்தார். கணக்கு வாத்தியார், தமிழய்யா, டிரில் மாஸ்டர் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். அவர்களில் யார் எழுதிக் கொடுத்திருந்தாலும் அன்றைய தபாலிலேயே போயிருக்கும். டீச்சர் சீட்டுகளை அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினார்.

[நான் கதையைக் கேட்டபோது இந்த இடத்தில் கன்னையன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். டீ ஆறிப்போயிற்று. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.]

"அந்தத் தாளு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"குடுங்க. நானே கொண்டு போறேன்."

6

அடுத்த நாள் விடுப்பு எழுதிவிட்டு டீச்சர் பஸ் ஏறிக் கோயமுத்தூரில் சேமநிதிக் கணக்குப் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனார். இனிமேல் வட்டி சேர்க்கமாட்டோம், ஏற்கெனவே ஏறியதை எடுக்க வழி இருக்கிறதா என்று மேலே கேட்டு எழுதுகிறோம் என்றார்கள். அப்படி ஒரு கடிதமும் வரவில்லை.

தலைமையாசிரியைக்கு விஷயம் லேசாக எட்டியது. கூப்பிட்டு விசாரித்தார். கன்னையன் கதவோரம் நின்றார். வேலை போய்விடும் என்றே நினைத்தார். டீச்சர், "நான் எழுதிக் குடுத்தது போய்ச் சேரலீங்க மேடம். இப்பச் சேத்திட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

விண்ணப்பத்தைக் கன்னையன்தான் நிரப்பினார். எழுபத்து நாலாயிரத்தில் முக்கால் பங்கு ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வரும். "எவ்வளவு போடட்டுங்க?" என்றார்.

"இருவத்தெட்டாயிரத்து ஐநூறு."

வட்டி ஏறாமல் இருந்திருந்தால் எடுக்க முடிகிற தொகை அது. முப்பத்தெட்டாயிரத்தில் முக்கால். ஒரு ரூபாய் கூடுதல் இல்லை. கன்னையன் அந்த எண்ணை எழுதும்போது, அடித்துத் திருத்தும்படி ஆகிவிடுமோ என்று ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி எழுதினாராம்.

வீட்டில் சனாவுல்லா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "தப்புப் பண்ணுனது அந்தாளு. நம்ம புள்ளைக்கு எதுக்கு ஒரு ரூம்பு கொறையோணும்?" என்றார். நியாயமான கேள்விதான். பத்திரச் செலவு போக இரண்டு சென்ட் வந்தது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மேலே சிமெண்ட் அட்டை. நூர்ஜான் சமையல்கட்டில் உட்கார்ந்து படித்தாள்.

ஒரு வருடம் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீச்சர் பேசாமல் போனார். கன்னையன் இப்போது எல்லோருடைய சீட்டையும் வந்த அன்றே அவரவர் கையில் கொடுத்தார். யாரிடமும் இருபது ரூபாய் கூட்டச் சொல்லவில்லை. வெள்ளையன், "ஏனுங்க, உடம்புக்கு ஆகலீங்களா?" என்று கேட்டார்.

ஒரு சம்பள நாளில் டீச்சர் மேஜை முன்னால் நின்றார். "சார், நூர்ஜான் பேர்ல மாசம் அம்பது ரூவா சேக்கோணும். வட்டி இல்லாத எடமா எங்கீங்க போடறது?"

கன்னையன் இரண்டு வாரம் அலைந்தார். பேங்க்கில் கேட்டார், அஞ்சலகத்தில் கேட்டார், பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் பட்டன் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் கேட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல். கடைசியில் வந்து, "எனக்குத் தெரியலீங்க டீச்சர்" என்றார்.

பணத்தைப் பற்றி ஒன்று தெரியவில்லை என்று கன்னையன் சொல்லி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னையனும் சிரித்தார். அவருக்குக் கண் கலங்கியதை டீச்சர் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

7

கதையில் மீதி இருப்பது வட்டியாக ஏறிய அந்த முப்பத்தாறாயிரம். கணக்கில் கூடாமல் குறையாமல் நிற்கிறது. டீச்சர் அதை என்ன செய்வார்?

மூன்று முடிவுகள் எழுதினேன், ஒரே பக்கத்தில். முதல் முடிவில் நூர்ஜான் டீச்சர் டிரெயினிங்கில் சேர இடம் கிடைத்து, பணம் கட்டக் கடைசி நாள் அன்று டீச்சர்… வேண்டாம்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். மெய்ப்புப் பார்க்கிறவன் என்பதால் தப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் மூன்றில் எது சரி என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஆசை. டீச்சர் வாசலில் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் படித்தார். கன்னையன் தமிழய்யாவையும் டிரில் மாஸ்டரையும் நினைக்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"மூணும் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க கண்ணு."

"இதுல எதுங்க டீச்சர்?"

"நான் இன்னும் ரோசிக்கலீங்க. ரோசிச்சாலும் உங்ககிட்டச் சொல்லோணும்னு இல்லீங்களே?"

"இல்லீங்க."

"அப்ப மத்ததைக் கொண்டு போங்க. இந்தப் பக்கம் இங்கியே இருக்கட்டும்."

அந்தத் தாளை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, எனக்குத் தண்ணீர் கொடுத்தார். சனாவுல்லா கம்பெனி விஷயம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நான் எழுதிய முடிவுகள் எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்து மறுபடி எழுதியிருக்கலாம். பேனாவைக்கூடத் திறந்தேன், மூடிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். தோன்றாமல் இருக்காது. வேலம்பாளையத்தைத் தாண்டிப் புதுச் சைட்டில் சிமெண்ட் அட்டை போட்ட சின்ன வீடு, விடுமுறை நாளில் போனால் டீச்சர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.