ஹாலைப் பெண் பார்க்க வந்தவர்கள்

வியாழக்கிழமை காலை ஸ்பீக்கர் வீட்டார் எங்கள் ஹாலைப் பெண் பார்க்க வந்தார்கள்.

முந்தின நாளே ஹாலைக் குளிப்பாட்டித் துவட்டியிருந்தோம். ஜன்னல் கம்பிகளில் மல்லிகைச் சரம். ஃபேன் இறக்கைகளில் மஞ்சள். என் மனைவி வளர்மதி கேசரியும் பஜ்ஜியும் செய்து வைத்திருந்தாள். நல்ல இடம் என்று தரகர் நாச்சிமுத்து சொல்லியிருந்தார். தேக்கு உடம்பு, ஆளுயரம், வெளிநாட்டுத் தொண்டை. பாட்டுப் பாடும் ஸ்பீக்கர் மாப்பிள்ளை ஒருவர்தான். இடது, வலது என்று உடம்புதான் இரண்டு.

சம்பந்தம் முடிந்துவிட்டால் ஹாலைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதுதான் வழக்கம். பக்கத்து வீட்டு ஹால் போன தை மாதம் போனது. இப்போது அவர்கள் வாசற்கதவைத் திறந்தால் நேரே அடுப்பில் முட்டிக்கொள்கிறார்கள். ஆனால் தெருவில் அவர்களுக்கு மரியாதை கூடிவிட்டது.

எனக்கு ஹாலைப் பிரிய மனமில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடாது. பெற்றவர்கள் நிலைமை அதுதான்.

மாப்பிள்ளையை இரண்டு பட்டு வேட்டிகளில் சுற்றித் தூக்கி வந்தார்கள். கூட ஒரு கூட்டம். முன்னால் வந்தவர் பெயர் குலசேகர். அந்த வீட்டின் காது அவர்தான். வலது காதை ஒரு வெல்வெட் பையில் போட்டுக் கட்டியிருந்தார். அது விசேஷங்களுக்கு மட்டும். அன்றாடப் பேச்சுக்கு இடது காது.

வேட்டியை அவிழ்த்தார்கள். இரண்டு உடம்புக்கும் அடியில் இரும்பு முட்கள். முள்ளுக்குக் கீழே பித்தளைத் தட்டு.

"தரையில படக் கூடாது சார்" என்றார் குலசேகர். "தரையில யார் யாரோ நடந்திருப்பாங்க."

"நாங்கதானுங்க நடந்தோம்."

"அதைத்தான் சொல்றேன்."

ஒயரும் தரையைத் தொடவில்லை. வழி நெடுகச் சின்னச் சின்ன முக்காலிகள் போட்டு அதன் மேல் படுக்க வைத்தார்கள். சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினார்கள். சுவரில் சாயும் பழக்கம் அவர்கள் வம்சத்தில் இல்லையாம். பிளக் எங்கே என்று குலசேகர் கேட்டார். காட்டினேன்.

"இது மிக்ஸி குடிக்கிற கரண்ட்டா?"

"ஆமாங்க."

"இவங்க குடிக்க மாட்டாங்க."

எனக்குக் காது மடல் சூடானது. எங்கள் மிக்ஸி கல்யாணத்துக்கு வந்தது. இன்றுவரை யாரையும் ஒரு வார்த்தை கேவலமாகப் பேசியதில்லை.

குலசேகர் ஹாலின் நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பையை அவிழ்த்து வலது காதை வெளியே எடுத்தார். கண்ணை மூடினார். அவர் கூட்டமும் மூடியது.

"ஆஹா. நடுக்குரல்ல வெல்வெட்டு. கொஞ்சம் ஈரம். கடைசியில லேசா ஒரு ஏலக்காய்."

"அது கேசரியில போட்டதுங்க" என்றாள் வளர்மதி.

"இன்னும் ஸ்விட்ச்சே போடலீங்களே" என்றேன் நான்.

"போடாதப்பவே இப்படின்னா பாத்துக்குங்க. அமைதி எவ்வளவு கறுப்பா இருக்கு!"

"நல்ல கறுப்புங்க" என்றார் நாச்சிமுத்து.

பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. சம்பந்தம் முடிகிறவரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்க ஆண்டவனுக்கே உரிமை கிடையாது.

"ஹாலைப் பாடச் சொல்லுங்க" என்றார் குலசேகர்.

பாடச் சொல்வது என்றால் மூலைக்கு மூலை நின்று கை தட்டுவது. தட்டினார். மூன்று மூலைகள் அடக்கமாக 'டப்' என்றன. வடகிழக்கு மூலையில் தட்டினார். ஒன்றும் வரவில்லை. அந்த மூலை எப்போதும் யோசித்துத்தான் பேசும்.

பிறகு அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது. இளம்பெண்ணின் சிரிப்பு. நின்றது, அடக்கப் பார்த்தது, மறுபடி பீறிட்டது.

"இது என்ன சார்?"

"என்ற சிரிப்புங்க" என்றாள் வளர்மதி. "அங்கதான் வெச்சிருக்கறேன்."

உண்மைதான். குடிவந்த அன்று வீட்டில் ஒரு பாயைத் தவிர எதுவும் இல்லை. நான் என்னமோ சொன்னேன். அவள் சிரித்தாள். மூலை வாங்கி வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை. கேட்டால், "அதுதான் அங்க இருக்குதுல்லங்க" என்பாள்.

குலசேகர் வலது காதை அவசரமாகப் பைக்குள் போட்டுக் கட்டினார். அவர் கூட்டத்தில் ஒருவர் கறுப்பு ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"லேட்டா வருது. இவங்க பாடறப்ப பின்னாடி இப்படி ஒண்ணு சிரிச்சா நல்லாவா இருக்கும்? இந்த மூலையைச் சாகடிச்சிருங்க. ஸ்பாஞ்சு அடிச்சா எதிரொலியை உறிஞ்சிரும், ஒரே நாள்ல செத்துடும். அப்புறம் ஹாலைக் கூட்டிட்டுப் போறோம்."

நான் எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்த இடத்துல பொண்ணோட நாக்கை அறுத்துக் குடுன்னு எவனாச்சும் கேப்பானா? முள்ளு மேல நிக்கறதுக்கே இத்தனை லொள்ளா?"

"கோபப்படாதீங்க சார். உங்க குரல்ல ட்ரெபிள் ஜாஸ்தியா இருக்கு, கீச்சுங்குது."

"என்ற ஊட்டுல என்ற ட்ரெபிள் அப்படித்தானுங்க இருக்கும்!"

நாச்சிமுத்து என் கையைப் பிடித்தார். "நல்ல இடமுங்க. ஒரு மூலை செத்தா என்னங்க? ஊர்ல எத்தனையோ ஹாலு நாலு மூலையும் செத்தே வாழுது."

"அது வாழறதாங்க?"

குலசேகர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்றோம்."

எங்கள் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான். ஜன்னல் கம்பியிலிருந்த மல்லிகை வாடியது. என் ஹாலை, என் கண் முன்னாலேயே, வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வளர்மதி காபித் தட்டோடு வந்தாள். யாரும் எடுக்கவில்லை. தட்டு கனத்தது. எங்கள் வீட்டில் டம்ளரைத் தட்டையாக எது இருந்தாலும் அதன் மேல் வைப்போம். தையல் மிஷின், ஃபிரிட்ஜ், பழைய டிவி. அவள் யோசிக்கவே இல்லை. ஒரு டம்ளரை எடுத்து வலது ஸ்பீக்கரின் தலையில் வைத்தாள்.

டம்ளர் தளும்பியது. தேக்கில் வட்டமாகக் காபி நின்றது. ஒரு சொட்டு முகத்தில் வழிந்து பெரிய வாய்க்குள் போனது. முழுங்கும் சத்தம் கேட்டது.

இந்த முறை அமைதி நிஜமாகவே கறுப்பாக இருந்தது.

"மாப்பிள்ளை கை நனைச்சுட்டாருங்க" என்றார் நாச்சிமுத்து.

"அவருக்குக் கையே கிடையாது!" என்று கத்தினார் குலசேகர்.

"கை இல்லாதவங்க வாயை நனைச்சாலும் செல்லுமுங்க."

குலசேகர் காபி வட்டத்தைப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்றார்.

"கறை பட்டதை எங்க வீட்டுல ஏத்த மாட்டோம்."

"நாங்களும் அனுப்ப மாட்டோமுங்க" என்றேன்.

இடது உடம்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்பாஞ்சை மறந்துவிட்டார்கள். வளர்மதி அதில் பாத்திரம் தேய்க்கிறாள்.

வலது எங்களுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டது. முட்களைக் கழற்றித் தரையில் நிறுத்தினோம். கொஞ்ச நேரம் கூச்சமாக நின்றது. சாயங்காலம் தானாகவே சுவரில் சாய்ந்துகொண்டது. மிக்ஸி குடித்த மிச்சக் கரண்ட்டைக் குடித்தது. வளர்மதி அதன் தலைக்கு ஒரு பின்னல் துணி போட்டு, அதன் மேல் டம்ளரை வைத்தாள்.

பாடச் சொன்னோம். பாதிதான் வந்தது. மிருதங்கம் உண்டு, வயலின் இல்லை. காதலன் கேள்வி கேட்டான். காதலி பேசவில்லை. மறுபாதி அவர்கள் வீட்டில் பாடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாதி மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு யார் முகத்தில் விழிப்பது?

வடகிழக்கு மூலை யோசித்தது. பிறகு மறுபாதியைப் பாடியது. வயலின் வந்தது. காதலி பதில் சொன்னாள். எல்லாம் லேட். நடுவே ஒரு சிரிப்பு.

அது பழைய சிரிப்பு இல்லை. மூலையிலிருந்தும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வளர்மதி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அடுத்த வியாழன் குலசேகர் வந்தார். வெல்வெட் பை இல்லை. இரண்டு காதும் வெளியே தொங்கின. இடது உடம்பை அவரே தோளில் தூக்கி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

"எங்க வீட்டுல பாதிதான் சார் பாடுது. பதில் சொல்ல ஒரு மூலைகூட உயிரோட இல்ல. உள்ள விடுங்க. தரையிலயே நிக்கட்டும். எந்தக் கரண்ட்டானாலும் குடிக்கும்."

"காபி போடட்டுங்களா?" என்று உள்ளேயிருந்து வளர்மதி கேட்டாள்.

"வேண்டாம் புள்ள" என்றேன்.

கேட்டைத் திறக்காமலே அவரிடம் சொன்னேன். என் ட்ரெபிள் கொஞ்சமும் குறையவில்லை.

"ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்றோமுங்க."

சொன்ன சொல் தவறக் கூடாது. வளர்மதி ஒரு பையில் துணியும் முறுக்கும் எடுத்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளை சொன்னார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாங்கள் எங்கள் ஊரான வடகிழக்கு மூலைக்குப் புறப்பட்டோம். தூரம் ஒன்றும் அதிகமில்லை. கலந்து பேசத்தான் நாளாகும்.