இருபத்தேழாவது ஆள்

பேராசிரியர் பஞ்சநதம் தம் ஆய்வு மாணவர்களை ஒருநாளும் வேலை வாங்கியதில்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். "ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன் தம்பி" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு எட்டு சில நாள் கேஸ் ஏஜென்சி வரைக்கும் இருக்கும், சில நாள் அவர் மகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் இருக்கும். தை மாதத்தில் அது பூதலூர் வரைக்கும் நீண்டது.

தமிழ்மாறன் அன்று காலை அவர் அறைக்குப் போனது தன் காரியத்துக்காக. அவனுடைய ஆய்வு உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு முடிகிறது. மூன்றாம் ஆண்டும் அது வர வேண்டுமானால், ஆய்வுக் குழு கூடி 'முன்னேற்றம் நிறைவளிக்கிறது' என்று எழுத வேண்டும். குழு கூட வேண்டுமானால், அவன் எழுதிய அறிக்கையில் நெறியாளர் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரி கடைசிக்குள் எல்லாம் டெல்லிக்குப் போய்ச் சேராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். நின்றுபோனதைத் திரும்பக் கொண்டுவந்த ஒருவரையும் துறையில் யாருக்கும் தெரியாது.

மயிலாடுதுறையில் நர்சிங் கடைசி ஆண்டு படிக்கும் தங்கை செம்மொழியின் கல்லூரிக்கும் விடுதிக்கும் அந்தப் பணம்தான் போகிறது. திருவாரூர்ப் பக்கம் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் பார்க்கும் அப்பா கண்ணுசாமிக்கு, விளைந்தால் சாப்பாடு, விளையாவிட்டால் கடன். உதவித்தொகை நின்றால் முதலில் நிற்பது அவன் படிப்பாக இருக்காது, அவள் படிப்பாகத்தான் இருக்கும். இதை அவன் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"வச்சுட்டுப் போங்க, பாக்குறேன்" என்றார் பஞ்சநதம். அறிக்கையைத் தொடவில்லை. "உங்க தலைப்பு என்ன சொன்னீங்க?"

"காவிரிப் படுகை நெல் அறுவடையில் கூலி உறவுகள் சார்." தலைப்பு அவர் வைத்ததுதான்.

"அதான் யோசிக்கிறேன். அறுப்பையே பாக்காம அறுப்பப் பத்தி எழுதுனா குழுவுல நாலு கேள்வி கேப்பாங்க. நம்ம வயல்ல அடுத்த வாரம் அறுப்பு. பாத்துக்குற மருதையன் கால ஒடிச்சுக்கிட்டான். நீங்க கூட நின்னீங்கன்னா உங்களுக்கும் டேட்டா ஆச்சு, எனக்கும் ஒத்தாசையா போச்சு. வருகைப் பதிவுல களப்பணின்னு போட்டுக்கலாம். பொய் இல்லையே அது?"

பொய் இல்லைதான். அதுதான் தமிழ்மாறனுக்குச் சிக்கல். எதையும் இரண்டு பக்கமும் நிறுத்தி எடை போட்டுப் பார்க்காமல் அவனால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. தலைப்பு அறுவடை, வயலில் நடப்பதும் அறுவடை. ஆய்வு முறையியல் புத்தகங்களிலேயே 'பங்கேற்று நோக்குதல்' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அப்படியிருக்க, மறுப்பு வருவது தன் ஆணவத்திலிருந்தா என்றுகூட அவனுக்குச் சந்தேகம் வந்தது.

ஆய்வாளர் அறையில் இதைச் சொன்னதும் ஹுமைரா சிரித்துவிட்டாள். அவளுக்கும் பஞ்சநதம்தான் நெறியாளர்.

"உனக்காவது வயலு. என் தலைப்பு மீனவப் பெண்கள். அந்த ஆளு மட்டும் நாகப்பட்டினத்துல ஒரு படகு வாங்கிப் போட்டிருந்தாருன்னு வையி, இந்நேரம் நான் வலை இழுத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

"டேட்டாவும் கிடைக்கும்ல?"

"கிடைக்கும் கிடைக்கும். கையெழுத்த வாங்கிட்டுப் போயி டேட்டா எடு."

கையெழுத்து வாங்காமல்தான் போனான்.

பூதலூரில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் பேராசிரியரின் வயல். ஆத்தூரிலிருந்து வந்த அறுப்பு மெஷின் ஒரு மூலையிலிருந்து மென்றுகொண்டு வந்தது. எந்த வரப்போரம் மெஷின் நுழையாது, அங்கே எத்தனை ஆள் கையால் அறுக்க வேண்டும், டிராக்டர் எங்கே நிற்க வேண்டும் என்று பஞ்சநதம் போனில் சொல்லச் சொல்ல இவன் வரப்பில் ஓடினான். மெஷின்காரர்களுக்கு டீ, புரோட்டா வாங்கி வந்தான். இடையிடையே கேள்வித்தாளை எடுத்துக் கையறுப்புக்கு வந்தவர்களிடம் கேட்டான்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி, பணமா நெல்லா.

அப்பா கூப்பிட்டார். "எங்கப்பா இருக்க? என்ன அது, மெஷின் சத்தம் கேக்குது?"

"களப்பணியில இருக்கேன்ப்பா."

"களத்து வேலையா?"

"களப்பணிப்பா. ஆராய்ச்சிக்கு."

அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். "நான்கூட பயந்துட்டேன். சரி சரி, பாரு. வெயில்ல நிக்காத, என்ன?"

கண்ணுசாமி தன் பிள்ளையைக் களத்துப் பக்கமே விட்டதில்லை. அறுப்புக் காலத்தில் சாப்பாட்டுத் தூக்கைக்கூட அம்மா ராமாயிதான் கொண்டுபோக வேண்டும்; பையன் புத்தகத்தோடு வீட்டில் இருக்க வேண்டும். அதனால்தான் நெல்லைக் காயவைக்கக் காலால் எப்படித் துழாவ வேண்டும் என்பதை இருபத்தாறு வயதில், பேராசிரியரின் நெல்லில், பின்னால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் பக்கத்துக் குவியல்காரரைப் பார்த்து அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அறுப்பு முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். "கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு வந்துடுங்க தம்பி. ஒரு எட்டு" என்றார் பஞ்சநதம். அங்கே போனால் இவர்களுக்கு முன்னால் மலை மலையாகக் குவியல்கள். நிலைய எழுத்தர் ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். பரப்பிக் காயவைத்தால் சாயங்காலம் தூறல். படுதாவைப் போட்டு மூடி, காலையில் விலக்கி, மறுபடி பரப்பி. முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் நகரவும் முடியாது.

பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். "சார், அந்த அறிக்கை..."

"நெல்லு ஏறட்டும் தம்பி. ஏறுன அன்னிக்கே போட்டுத் தர்றேன். மேசை மேலதான் இருக்கு."

பிப்ரவரி பிறந்திருந்தது.

நிலையத்தில் நெல் தூற்றும் பெண்களில் ஆனந்தவல்லி என்ற அக்காள் கொஞ்சம் வாயாடி. அவளிடம் கேள்வித்தாளோடு உட்கார்ந்தபோது அவள் இருபத்தாறாவது ஆள். எல்லாக் கேள்விக்கும் முறத்தைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னாள். முடித்துவிட்டு எழுந்தவனை விடவில்லை.

"இரு தம்பி. நீ கேட்டல்ல, இப்ப நான் கேக்குறேன். ஆராய்ச்சிக்கு வந்த புள்ள எதுக்கு நெல்லுக்குப் படுதா போடுற?"

"அது எங்க சாரோட நெல்லுக்கா. பஞ்சநதம் சார்."

"அப்ப நீ மருதையன் எடத்துக்கு வந்த ஆளா? சொல்ல வேண்டியதுதான! மருதையனுக்கு அறுப்புக்கு ரெண்டு மூட்ட நெல்லு, சம்பளம் வேற. உனக்கு என்ன பேசியிருக்கு?"

"எனக்கு... கூலியெல்லாம் இல்லக்கா."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏ ரெத்தினம், இங்க வா! கூலியே வாங்காம வேலை பாக்குற ஆளு ஒண்ணு வந்திருக்கு, வந்து பாரு!"

எடை போட்ட நெல் மூட்டைகளை, சிப்பம் சிப்பமாகத் தூக்கிக்கொண்டிருந்த ரெத்தினம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச புள்ளையா?"

"ஆமா, டாக்டருக்குப் படிக்குதாம்."

"அப்ப சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சிப்பத்துக்குப் போய்விட்டார்.

ஆனந்தவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழ்மாறனும் சிரித்தான், சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலமாக இருக்கும் போலிருந்தது. அன்றிலிருந்து நிலையத்தில் அவனுக்குப் பெயர் 'பஞ்சநதம் ஆளு'. "பஞ்சநதம் ஆளு, படுதாவ இழுங்க, மழை வருது." "பஞ்சநதம் ஆளு டீ சாப்புட்டாச்சா?" அவர்கள் அதை மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஹுமைராவிடம் போனில் சொன்னபோது, "உன்னையும் ஒரு ஆளா சேத்துக்க வேண்டியதுதானே? உன்னையே பேட்டி எடு" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு அவனை விடவில்லை. ஆய்வு செய்பவனே ஆய்வுக்குள் வரலாமா? கூடாது என்று சொல்ல ஆள் உண்டு. ஆனால் அறுவடை வேலையில் இருப்பவர்களையெல்லாம் கணக்கெடுப்பதாகச் சொல்லிவிட்டு, அதே களத்தில் அதே வேலையில் இருக்கும் ஒருவனை விட்டுவிட்டால் அது மட்டும் சரியா? நெல் குவியலின் நிழலில் உட்கார்ந்து ஒரு புதிய தாளை எடுத்தான். வேலை: நெல் காயவைத்தல், காவல். வயது: இருபத்தாறு. கூலி: இல்லை. 'கூலியில்லாமல் வேலை செய்யக் காரணம்' என்று கேள்வித்தாளில் கட்டம் இருக்கவில்லை. அப்படி ஒரு நிலைமை வரும் என்று தயாரித்தபோது அவனுக்குத் தோன்றவில்லை. 'பிற' என்ற இடத்தில், ஒரு கையெழுத்துக்காக, என்று எழுதினான். எழுதிவிட்டு, இது நேர்மையா இல்லை வெறும் ஆத்திரமா என்று நிச்சயமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அட்டவணையில் சேர்த்து, பழைய அறிக்கைக்குப் பதிலாகப் புதியதைத் துறைக்கு அனுப்பினான்.

ஒருவழியாக நெல் எடை போட்டு லாரியில் ஏறியது. பஞ்சநதம் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை.

குழு கூடியது பிப்ரவரியின் கடைசி வாரத்தில். வெளியிலிருந்து வந்த நிபுணர் பேராசிரியர் ஷோபனா. மற்றவர்கள் முந்திரியைக் கொறித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அட்டவணைக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கூலி பெற்றோர் இருபத்தாறு, பெறாதோர் ஒன்று. யாருங்க இந்த இருபத்தேழாவது ஆள்?"

தமிழ்மாறன் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொள்முதல் நிலையத்துல பாத்தேன் மேடம். நெல்லு காவல்."

"காரணம், ஒரு கையெழுத்துக்காகன்னு போட்டிருக்கீங்க. என்ன கையெழுத்து?"

பஞ்சநதம் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைப் படித்தார். இரண்டு ஆண்டுகளில் தன் எழுத்தை அவர் படிப்பதை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அது ஒண்ணுமில்ல மேடம்" என்றார், சிரித்துக்கொண்டே. "நம்ம பக்கம் குத்தகைக்காரனுக்குப் பயிர்க் கடன், காப்பீடு எதுக்கும் நிலத்துக்காரர் கையெழுத்து வேணும். அதுக்காகச் சும்மா வந்து கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க. பழைய பழக்கம். பையன் நல்லாவே கவனிச்சிருக்கான்."

ஷோபனா அவரைப் பார்க்கவில்லை. இவனையே பார்த்தார். "அப்படியா தம்பி?"

இதைவிட எளிதாக ஒரு கதவை யாராலும் திறந்து வைக்க முடியாது. இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று அவன் வழக்கம்போல எடை போட்டான். செம்மொழியின் கடைசிப் பருவத் தேர்வு சித்திரையில். குழுவின் குறிப்பிலும் நெறியாளர் கையெழுத்து வேண்டும். அது இன்னும் போடப்படவில்லை.

"ஆமாங்க மேடம்" என்றான்.

அவர் இன்னும் ஒரு நொடி பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். முன்னேற்றம் நிறைவளிக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வெளியே வராந்தாவில் பஞ்சநதம் அவன் தோளில் கை வைத்தார். குரலில் கோபமே இல்லை.

"அந்த இருபத்தேழு... அத எடுத்துடுங்க. ஒரே ஒருத்தன வச்சு முடிவு சொல்லக் கூடாது தம்பி. ரிசர்ச்சுல அது பெரிய தப்பு. திருத்துன அறிக்கையக் கொண்டாங்க, குறிப்புல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"சரிங்க சார்."

"அப்புறம், எடை போட்டப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க? சிப்பத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிருக்கானுவ. மருதையன் இருந்தா விட்டிருக்க மாட்டான்." நாலடி போய்த் திரும்பினார். "பரவால்ல, விடுங்க. அடுத்த குறுவை அறுப்புல பழகிடும்."

ஆய்வாளர் அறையில் ஹுமைரா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். "கிடைச்சுதா?"

"கிடைச்சிடும். ஒரு திருத்தம் இருக்கு."

அவள் எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாகக் கணினியைப் பார்த்தாள். அவன் அட்டவணையின் கடைசி வரியைத் தேர்ந்தெடுத்து அழிப்பதைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். டப்பாவை மறுபடி மூடுவது கேட்டது.

ஒரு வரியை எடுத்தால் அட்டவணை முழுவதையும் திருத்த வேண்டும். மொத்தம் மாறியது. சராசரி வயது மாறியது. ஆண் பெண் விகிதம் மாறியது. ஒவ்வொன்றையும் அவன் கையால் போட்டுச் சரிபார்த்தான். கணினியை மட்டும் நம்பிப் பழக்கமில்லை. கடைசியாகக் கூலிக் கட்டத்துக்கு வந்தான். கூலி பெற்றோர்: இருபத்தாறு. பெறாதோர்: எவருமில்லை. கூலி பெற்றோர் சதவீதம்: நூறு.

இன்னொரு முறை போட்டுப் பார்த்தான். கணக்கில் பிழை இல்லை.