கட்டைவிரல் சல்யூட்

எலும்பு வார்டில் நர்சாகச் சேர்ந்த புதிதில் ஜெயசித்ராவுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்விரலைத் தொட்டுச் சூடு பார்த்து, "ஆட்டுங்க பாப்போம்" என்பது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ராஜபாளையம் வந்து ஊரார் கால்விரலைக் குசலம் விசாரிக்கவா இத்தனை படித்தோம் என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வாள். ஒருத்தருக்கு மாவுக்கட்டு போடும்போது வேட்டியையும் சேர்த்துக் கட்டிவிட்டதிலிருந்து, பெரிய சிஸ்டர் பரிபூரணம் அவளை நம்பி வேறு வேலை கொடுப்பதில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் பாண்டிதுரை கிடந்தான். பட்டாளத்தில் சேர வேண்டுமென்று அய்யனார் கோவில் ரோட்டில் தினமும் ஓடிப் பழகியவன். அந்த ரோட்டிலேயே ஒரு லாரி வலது காலை நசுக்கிவிட்டது. எலும்பைவிட, கீழே ரத்தம் ஒழுங்காக இறங்காததுதான் டாக்டருக்குக் கவலை.

முதல் நாள் பயத்தில் விரலை அசைக்கவே மாட்டேனென்றான்.

"ஏலே, மேலதிகாரி வந்து நிக்கேன். ஒரு சல்யூட் கிடையாதா?"

கட்டைவிரல் ஒரு நூல் அசைந்தது. இவளும் நெற்றியில் கைவைத்து வாங்கிக்கொண்டாள். அதுவே வழக்கமாகிப்போனது. பக்கத்துக் கட்டில் பால்ச்சாமி, மில்லில் கால் முறிந்த பெரியவர், தனக்கும் ஒரு பதவி கேட்டு விரலை ஆட்டுவார். பையனின் அம்மா வெள்ளைத்தாய்க்கு அந்தச் செத்த நேரம்தான் சிரிப்பு.

பொறவு ஒருநாள் பாண்டிதுரையின் விரல் சில்லிட்டிருந்தது. அவன் பல்லைக் கடித்துப் பார்த்தான், அசையவில்லை. நாளைக்குச் சேர்த்து வை என்று சிரித்துவிட்டு, வெளியே வந்ததும் ஜெயசித்ரா பரிபூரணத்திடம் ஓடினாள். டாக்டர் வந்தார்.

மறுநாள் காலை வார்டு வாசலிலேயே பரிபூரணம் அவளை நிறுத்தினாள். ராத்திரியே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாயிற்று. காய்ச்சலில் பையன் பிதற்றிக்கொண்டிருந்ததால் அம்மாதான் கைநாட்டு வைத்தாள். அவனுக்கு இன்னும் தெரியாது. டாக்டர் வந்து பக்குவமாகச் சொல்வார். அதுவரை உன் வாயை மட்டும் பூட்டி வை என்றாள்.

அந்தக் கட்டிலைப் பார்க்காமலே தாண்டிவிடுவதென்று ஜெயசித்ரா முடிவெடுத்திருந்தாள். புண்ணில் படாதபடி போர்வைக்குள் வளைவுக்கம்பி வைத்து மேடாக்கியிருந்ததில் கால் இல்லாதது தெரியவில்லை.

"அக்கா. சல்யூட்."

நின்றாள்.

"நல்லா அசையுதுக்கா. நேத்தைக்கும் சேத்து ரெண்டு வச்சிருக்கேன்."

எடுத்த கால் இருப்பதுபோலவே தோன்றும் என்று படித்திருந்தாள். பரீட்சையில் அதற்கு நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள். வெள்ளைத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

பழக்கத்தில் கை நெற்றிக்குக் கிளம்பிவிட்டது. பாதியில் நின்றது. இதை வாங்கிக்கொண்டால், டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு இவன் யார் முகத்தை நம்புவான்?

"ஏன்க்கா வாங்கிக்கிடல?"

கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"காலு இல்லடா தம்பி. நேத்து எடுத்துட்டாங்க."

அவன் போர்வை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் எதைக்கா ஆட்டுதேன்?"

வெள்ளைத்தாயின் அழுகை கேட்டுப் பரிபூரணம் வந்தாள். திட்டவில்லை, திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அவன் அழுது ஓயும்வரை ஜெயசித்ரா கையை விடவில்லை.

திரைக்கு வெளியே வந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள். வழக்கம்போல் விரலைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். பால்ச்சாமி அவளைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு, திருடிய பொருளை மறைப்பவர்போல, தன் கால்விரல்கள் மேல் மெதுவாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.